வசந்தாமணியின் இடது பெருவிரல்

சென்னியப்பன் வசந்தாமணியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் ஒரு மரப்பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பிடித்துக்கொண்டு, வேலாம்புதூர் தாலுகா ஆபீஸ் வாசலில் கணுக்காலுக்கு மேல் செந்தண்ணீர் தேங்கி நின்றது. அதைத் தாண்டி வருகிறவர்கள் தாங்கள் பிறந்ததற்கும் கட்டியதற்கும் வாங்கியதற்குமான காகிதங்களை ஜவுளிக்கடைப் பைகளில் சுருட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, எதிர்வரிசையில் இருந்த அவளுடைய ஜெராக்ஸ் கடைக்குள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். ஜெராக்ஸ் மெஷின்களைப் பழுது பார்க்கிற சென்னியப்பன் மொபெட்டை நிறுத்தாமல், ஒரு காலை மட்டும் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு, கோணிப்பையைப் போல் தொங்கிய மழைக்கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"சென்னிங்ண்ணா, மெஷின்ல கை வெச்சா சுர்ருங்குதுங்," என்றாள் வசந்தாமணி. "நேத்து ஒருக்கா முழங்கை வரைக்கும் ஏறிருச்சு."

"மழை ஈரமல்லங்க அம்மிணி. அதுக்குத்தான பலகை போட்டு நில்லுங்கன்னு சொன்னேன்."

"நின்னுட்டுத்தான இருக்கறேன். காத்தால இருந்து பலகை மேலயே நிக்கறதுக்கு நானென்ன கொலு பொம்மைங்களா?"

"கொலு பொம்மைக்கு இத்தன வாய் இருக்காதுங்."

பைகளோடு காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு ரேஷன் கார்டைக் கண்ணாடியின் மேல் விரித்து, அதன் மூலையை இடது கைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்து, வெளிச்சம் ஓடி முடிகிறவரை காத்திருந்தாள்.

"நாளைக்கு வந்து பாத்தர்றனுங்," என்றார் சென்னியப்பன்.

"நீங்க சொல்ற நாளைக்கு எந்த மாசத்துல வருதுங்?"

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் எடுக்கிற மெஷின் நின்றுபோய்த் தலைமையாசிரியர் இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்ததால் அவர் மொபெட்டை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய தோள்பையில், திருப்புளிகளுக்கும் பிரஷ்களுக்கும் அடியில், ஒரு மூன்று பின் பிளக்கும், ஷாக் அடிக்காமல் எர்த் கொடுப்பதற்கான ஒரு சுருள் பச்சை வயரும் இருந்தன. ஒரு மணி நேர வேலை. அவை பையில் இருப்பது அவருக்கு அப்போதும் தெரியும், பிறகும் தெரியும்.

சொன்ன சொல் தவறாமல் மறுநாள் பதினொரு மணிக்கு அவர் வந்தார். கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. ஒன்பதரை மணிக்கு, யாரோ ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கண்ணாடியில் வைத்து அமுக்கியவள் அப்படியே மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள் என்றும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றும் டீக்கடையில் சொன்னார்கள். இதயம் நின்றுவிட்டது என்றாராம் டாக்டர். அவள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். அதனால் இதயம் எதனால் நின்றது என்று யாரும் கேட்கவில்லை.

ஊரே வசந்தாமணியின் வீட்டு வாசலில் கூடியிருந்த அந்த மத்தியானம், சென்னியப்பன் கடைக்குப் பின்புறம் ஆறடிக் கம்பியை மண்ணுக்குள் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றி, பச்சை வயரைச் சுவரோரமாக இழுத்து மெஷினுக்குக் கொடுத்தார். பழைய ரெண்டு பின் பிளக்கை அறுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவளை எடுப்பதற்கு முன்பே எர்த் இறங்கிவிட்டது. அதன் பிறகு அவரும் போய், மாலை வாங்கிப் போட்டு, புருஷன் அர்த்தநாரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

*

அந்த மெஷினை அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவர்தான். கோயமுத்தூரில் பெரிய பெரிய ஆபீஸ்கள் கழித்துக் கட்டிய மெஷின்கள் மலைபோல் குவிந்திருக்கும் கிடங்குகளுக்குள் அவர் மாட்டுச்சந்தைக்குள் நுழைகிறவரைப் போல நுழைவார். உள்ளே உருளுகிற டிரம்மைத் தொட்டுப் பார்ப்பார், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், ஒரு வெள்ளைத் தாளை ஓடவிட்டு அது விழுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார், பத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத அவருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்தே பழகியது.

"எனக்குப் பெரிசா வேணுமுங். ரெண்டு பக்கமும் ஒரேடியா எடுக்கறது, மேல வெச்சா தானே இழுத்துக்கறது," என்று வசந்தாமணி அன்றைக்கு ஆசைப்பட்டாள்.

"உங்ககிட்ட வர்றவங்க கொண்டாறது என்னங்? ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச பத்திரம். இழுத்துக்கற மெஷின்ல அதை உட்டா வெளிய வராது, நீங்கதான் ஊரை உட்டு வெளிய போகணும். ஒரு கண்ணாடி, ஒரு மூடி, ஒரு தட்டு. போதுமுங். ஆட்டுக்குட்டி கேக்கறவங்களுக்கு ஆனையப் பிடிச்சுக் குடுக்கற பழக்கம் எங்கிட்ட இல்லீங்."

அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. கண்ணாடியை நனைந்த துணியால் துடைக்காதீர்கள், காடாத் துணி போதும். மழைக்காலத்தில் பேப்பர் வைக்கிற அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பு எரியட்டும். பேப்பர் கட்டு மட்டும் எந்தக் காலத்திலும் தரையைத் தொடக் கூடாது, ஈரம் குடித்த பேப்பர் மெஷினுக்கு விஷம். சூடு தேடிப் பல்லி உள்ளே போகும், சாயங்காலம் மூடும்போது துணி போர்த்துங்கள். இப்படி அவர் சொல்லிவைத்ததைக் கேட்டு நடந்த கடைகளில் மெஷின்கள் பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் உழைத்தன. ஒன்றைத்தான் அவர் விட்டுவிட்டார். அந்தப் பழைய கடைகளின் சுவர்களில் ரெண்டு ஓட்டை பிளக் பாயிண்ட்தான் இருந்தது. "சின்ன மெஷினுக்கு எதுக்குங் எர்த்து?" என்று சொல்லி, தன் கையாலேயே மூன்றாவது வயரைக் கத்தரித்து, ரெண்டு பின் பிளக் மாட்டிக் கொடுப்பார். நாற்பத்தொரு கடைகளில் அப்படி மாட்டியிருந்தார்.

*

பதினாறாம் நாள் காரியம் கழிந்து அர்த்தநாரி கடையைத் திறந்தார். அதுவரை நெல் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த மனிதர். முதல் ஆளாக மாராத்தாள் என்கிற விதவை பென்ஷன் புத்தகத்தோடு ஏறினாள். அர்த்தநாரி அதை வைத்து, மூடி, பொத்தானை அமுக்கி, விழுந்த தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"ஏனுங், உங்க வெரலு உளுந்திருக்குதுங்."

அர்த்தநாரி தாளைப் பார்த்தார். இடது கீழ் மூலையில், காகிதத்தின் ஓரத்தை அமுக்கியபடி, ஒரு பெருவிரல் விழுந்திருந்தது. கண்ணாடிக்கு அடியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, சதைப்பக்கம் முழுவதும், ரேகைகள் ஒவ்வொன்றும் எண்ணிவிடும்படியாக. ரேகைகளின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு ஓடியது. மெஷினின் மூடி சாத்தியிருந்தது. அவருடைய இரண்டு கைகளும் வெளியே இருந்தன.

மாராத்தாள் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். "இது வசந்தாமணி வெரலுங். புல்லறுக்கையில அருவா பட்டதல்ல இது? நாந்தான் மஞ்சப்பொடி வெச்சுக் கட்டிவிட்டேன்."

யாரும் அலறவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. கடைக்குள் நின்ற நான்கு பேரும் அந்தத் தாளைக் கைமாற்றிப் பார்த்தார்கள். விரல் விழுந்த தாளை ஆபீசில் வாங்குவார்களா, மாட்டார்களா என்பதுதான் அங்கே எழுந்த முதல் கேள்வி. இன்னொன்று எடுத்தார்கள், அதிலும் விரல். மூன்றாவதிலும் விரல். "போகுது உடுங்க," என்றாள் மாராத்தாள் கடைசியில். "உசுரோட இருக்கறப்பவே பாதிக் காப்பில வெரலு உழும். இப்பவாச்சும் எம்பேரு மேல படாம ஓரமா வெச்சிருக்கறா."

அந்த நாளிலிருந்து வேலாம்புதூரில் எடுத்த ஒவ்வொரு காப்பியிலும் வசந்தாமணியின் இடது பெருவிரல் இருந்தது. ஊர் அதற்கு ஏற்பத் தன்னை நகர்த்திக்கொண்டது. பக்கத்துக் கடையில் மனு தட்டச்சு செய்கிறவர் இடது ஓரத்தில் இரண்டு விரல்கடை அதிகமாக இடம் விட ஆரம்பித்தார். பத்திரம் எழுதுகிறவர்கள் கீழ் மூலையில் எதையும் எழுதுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். ஜாதகம் எடுக்க வருகிற பெண்வீட்டார், காப்பி கையில் வந்ததும் அந்த விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மார்கழி மாதத்துக் காப்பிகளில் ரேகைப் பள்ளங்களுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தூள் அப்பியிருந்தது. கோலமாவு என்று பெண்கள் சொன்னார்கள், ஆண்கள் டோனர் மை பிடிக்கவில்லை என்றார்கள், தை பிறந்ததும் அது போய்விட்டது. ஆடியில் ஒருமுறை விரல் லேசாக வீங்கித் தெரிந்தபோது, தேள் கொட்டியிருக்கும் என்று சொல்லி ஒருத்தி சுண்ணாம்பு கொண்டுவந்து மெஷினின் மூடிமேல் தடவிவிட்டுப் போனாள். சென்னியப்பன் அதைத் துடைத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

தாலுகா ஆபீசில் மனுக்களை வாங்குகிற இடத்தில் நசீமா என்று ஒரு கிளார்க் இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, எதிரே நிற்பவரின் மூன்று தலைமுறையையும் தாளில் பார்த்துவிடுகிற அம்மாள். முதல் வாரம் அவர் விரல் விழுந்த தாள்களைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினார். மூன்றாவது மாதம் யாரோ ஒருவர் வேறு ஊரில் எடுத்த காப்பியில், ஆபீசர் சான்றொப்பத்தைப் பொய்யாகப் போட்டுக்கொண்டு வந்து பிடிபட்டபோது அவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"ஆபீசர் கையெழுத்த எவன் வேணா போடறான். செத்தவ வெரல எவனால வெக்க முடியும்? இனி வெரல் இல்லாத காப்பிய எங்கிட்டக் கொண்டாராதீங்க."

எழுதப்படாத அந்த விதி எல்லா மேசைகளுக்கும் பரவியது. கடைவீதியின் கோடியிலிருந்த இன்னொரு ஜெராக்ஸ்காரர் தன் சம்சாரத்தின் விரலைக் கண்ணாடியில் வைத்து எடுத்துப் பார்த்தார். நசீமா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "இது உசுரோட இருக்கற வெரல்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எப்படித் தெரிந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை. இடது பெருவிரல் ரேகைதான் சர்க்காருக்குச் செல்லும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் வசந்தாமணி செத்தபிறகு உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ஊர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

*

மாதம் ஒருமுறை சென்னியப்பன் அந்த மெஷினைத் துடைக்க வருவார். மூடியைக் கழற்றி, டிரம்மை வெளியே எடுத்து, ரப்பர் பட்டையைத் துடைத்து, கண்ணாடியின் இரண்டு பக்கமும் காடாத் துணியால் தேய்ப்பார். கண்ணாடியில் ஒரு விரல்தடம்கூட இருக்காது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டு, பையிலிருந்து தன் சோதனைத் தாளை எடுப்பார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நான்கு மூலையிலும் தன் கையாலேயே எழுத்துகள் எழுதி வைத்திருந்த தாள் அது. அதை வைத்து ஒரு காப்பி எடுப்பார்.

விரல் விழாது.

முதல் தடவை, சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தார். அடுத்த நிமிஷம் ஒருவர் பத்திரம் கொண்டுவந்து எடுத்தார், விரல் இருந்தது. சென்னியப்பன் மறுபடி தன் தாளை வைத்தார், இல்லை. வேறு ஆளின் கையால் வைக்கச் சொன்னார், இல்லை. அவருடைய மின்சார ரசீது, ஓட்டுநர் உரிமம், அவர் வீட்டுக் காலண்டரில் கிழித்த தாள், எதற்கும் இல்லை. யார் வைத்தாலும் சென்னியப்பனுடைய காகிதம் என்றால் மூலை வெறுமையாக இருந்தது. பிடிக்க ஆள் இல்லாததால் காகிதம் லேசாகக் கோணிக்கொண்டும் இருந்தது. சோதனைக் காப்பிகளை அவர் யாருக்கும் காட்டாமல் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். பையின் அடியில் அந்த ரெண்டு பின் பிளக் கிடந்தது. தூக்கி எறிய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பார்.

அர்த்தநாரி ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு அதிகம் இல்லாதவர். ஒரு நாள் ரேஷன் கடைக்காரர் கடைக்குள் எட்டிப்பார்த்து, "மூணு வருசம் ஆச்சல்லங்க அர்த்தநாரி, கார்டுல இன்னும் அம்மிணி பேரு இருக்குது. செத்த சர்ட்டிபிகேட் காப்பி ஒண்ணு குடுத்தீங்கன்னா எடுத்தரலாம். சொந்தக் கடைதான?" என்றார். "பாக்கலாமுங்," என்றார் அர்த்தநாரி. பெண்டாட்டி மேல் அத்தனை பிரியம், பேரை எடுக்க மனசு வரவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. சென்னியப்பனும் அப்படித்தான் நினைத்தார். நினைக்கிறபோது பையின் கனம் தோளில் கூடும்.

அந்த வருஷம் பங்குனியில் சென்னியப்பனின் மனைவி ருக்குமணி சர்க்கரை முற்றிப் போய்ச் சேர்ந்தாள். வீடு அவள் பேரில் இருந்தது. மகள் பேருக்கு மாற்றுவதென்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ருக்குமணியின் இறப்புச் சான்றிதழ்க் காப்பி வேண்டும். அவர் எடுத்த காப்பியை நசீமா வாங்கி, மூலையைப் பார்த்து, தலையை உயர்த்தினார்.

"என்னங்ண்ணா, மெஷினே நீங்க குடுத்தது. உங்களுக்கு இல்லாத வெரலா?"

"உழுகலீங் மேடம்."

"நல்லா வெச்சு எடுத்துட்டு வாங்க."

மூன்று முறை எடுத்து வந்தார். மூன்று முறையும் நசீமா திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நசீமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஊர்ல திருட்டுப் பய காப்பிக்கெல்லாம் வெரல் வெக்கறா. உங்களுக்கு வெக்க மாட்டீங்கறான்னா, அப்பிடி என்னங்ண்ணா பண்ணுனீங்க அவள?"

வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். வரிசை முழுக்கச் சிரித்தது. சென்னியப்பனும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. நசீமாவின் சிரிப்பும் மெல்ல நின்றது.

வீட்டுக்கு வந்து ருக்குமணியின் சான்றிதழை மேசையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அந்தப் பிளக் விஷயத்தை ருக்குமணியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், போய் அர்த்தநாரியிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்றிருப்பாள், அவ்வளவுதான் சொல்லியிருப்பாள். இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். அர்த்தநாரி போலீசுக்குப் போகலாம். நாற்பத்தொரு கடைக்காரர்களும் இனிப் படியேற விடாமல் போகலாம். தெய்வமாகிவிட்ட ஒருத்தியைக் கொன்றவன் என்று ஊர் சொல்லும், அது பொய்யாகவும் இருக்காது. சொல்லாமல் விட்டால் வீடு மகள் பேருக்கு மாறாது, அவ்வளவுதான். ஆனால் செத்தவள் ஒவ்வொரு மாதமும் ஒரு மூலையைக் காலியாக விட்டு அவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். எழுதிப் பழக்கமில்லாத கை. ரெண்டு பின் பிளக் மாட்டியது நான். ஷாக் அடிக்கிறது என்று அம்மிணி சொன்னபோது வயர் என் பையில் இருந்தது. எடுத்து மாட்டவில்லை. இறந்த அன்று எர்த் போட்டு மறைத்ததும் நான். கடைசி வரியில், என்ன எழுதுவது என்று தெரியாமல், அன்றைக்குச் சொன்னதையே எழுதினார். வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன், நாளைக்கு.

*

ஆபீஸ் சாப்பாட்டுக்கு மூடியிருந்த மத்தியான வேளையில் அவர் கடைக்குள் போனார். அர்த்தநாரி தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் தாளையும், பையின் அடியில் கிடந்த பிளக்கையும் அவர் முன்னால் வைத்தார்.

அர்த்தநாரி மெதுவாகப் படித்தார். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தார். பிளக்கை எடுத்து, அதன் இரண்டு கால்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆள் இறக்கிவிட்டுப் போயிற்று.

"இதை இத்தன நாள் தூக்கிட்டா திரிஞ்சீங்க?"

"ஆமாங்க."

"பலகை எங்க போச்சுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."

சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு அவ வெறுங்காலோட ஈரத் தரைலதானுங் நின்னா. பலகை மேல நின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." அர்த்தநாரி பிளக்கைக் கீழே வைத்தார். "காத்தால கடையத் தொறக்கறப்ப நானும் கூட வந்தனுங். மழைத்தண்ணி உள்ள வந்திருச்சு. பேப்பர் கட்டு தரைல கெடந்துது. பேப்பர் எந்தக் காலத்துலயும் தரையத் தொடக் கூடாதுன்னு நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லுவீங்க. நாந்தான் அந்தப் பலகைய எடுத்துப் பேப்பருக்கு அடில வெச்சேன். அவ, ஏனுங், நான் எதும்மேல நிக்கறதுன்னு கேட்டா. ஒரு மணி நேரத்துல வேற கொண்டாறேன்னுட்டு மண்டிக்குப் போயிட்டேன்."

சென்னியப்பன் பேச வாயெடுத்தார். அர்த்தநாரி கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்துக் கவிழ்த்தார். வசந்தாமணியின் இறப்புச் சான்றிதழ்க் காப்பிகள் இருபது முப்பது விழுந்தன. எல்லாம் கோணிக்கொண்டு, எல்லா மூலையும் வெறுமையாக இருந்தன.

"எனக்கும் வெக்க மாட்டீங்கறாங்," என்றார். "ஊரே நெனைக்குது நான் அவ பேரை எடுக்க மனசில்லாம இருக்கறேன்னு."

மெஷின் சூடாகவே இருந்தது, அதன் உள்ளே ஏதோ ஒரு தகடு ஆறி டிக்கென்றது. பிறகு அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சென்னியப்பனின் தாளில், கடைசி வரிக்கு நேர் கீழே, நெல் மூட்டையில் எடை எழுதுகிற பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதினார். அவள் நின்றிருந்ததை எடுத்தது நான், பலகை. கையெழுத்துப் போட்டார். பேனாவைச் சென்னியப்பனிடம் நீட்டினார், அவரும் போட்டார்.

"வெச்சுப் பாக்கலாமுங்," என்றார் அர்த்தநாரி.

தாளைக் கண்ணாடியில் வைத்தார்கள். மூடியை மூட இருவரும் ஒரே சமயத்தில் கையை நீட்டி, இருவருமே தயங்கி, பிறகு இரண்டு கையும் சேர்ந்து மூடியது. வெளிச்சம் மூடியின் விளிம்பில் பச்சையாகக் கசிந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடியது. அந்த ஓட்டத்தில் எங்கோ நடுவில் அது ஒரு கணம் தயங்கி நின்ற மாதிரி சென்னியப்பனுக்குத் தோன்றியது. முப்பது வருஷத்தில் எந்த மெஷினிலும் வெளிச்சம் அப்படி நின்று அவர் பார்த்ததில்லை.

தாள் விழுந்தது. கோணாமல், நேராக விழுந்தது.

மூலையில் விரல் இல்லை. அது உள்ளே வந்திருந்தது. காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நுழைந்து, எழுத்துகளின் மேலேயே படுத்து, கடைசி இரண்டு வரிகளின் முடிவில் இருந்தது. தழும்பும் ரேகையும் அத்தனை கறுப்பாக, அத்தனை தெளிவாக இதற்குமுன் எந்தக் காப்பியிலும் விழுந்ததில்லை. மேல்வரியில் சென்னியப்பன் எழுதிய கடைசிச் சொல்லும், கீழ்வரியில் அர்த்தநாரி எழுதிய கடைசிச் சொல்லும் அதற்கு அடியில் போயிருந்தன.

"சுட்டிக் காட்டறாளா, மறைக்கறாளாங்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

அர்த்தநாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவ பேப்பரத்தான் புடிப்பாங்," என்றார். "வேறொண்ணும் தெரியாது அவளுக்கு."

இரண்டரை மணிக்கு ஆபீஸ் திறந்தது. முதல் ஆளாக ஒருவர் பட்டா கொண்டுவந்து எடுத்தார். மூலை வெள்ளையாக இருந்தது. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், அர்த்தநாரியைப் பார்த்தார், கையில் துணியோடு நின்ற சென்னியப்பனைப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, சர்வீஸ் பண்ணுனீங்களா?"

"ஆமாங்க," என்றார் சென்னியப்பன்.

"போச்சு. நல்லா இருந்த மெஷினத் தொடச்சே கெடுத்துப்போட்டீங்க."

ஊர் அவரை அந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் பல மாதம் திட்டியது. நசீமா ஒரு வாரம் எல்லாக் காப்பிகளையும் திருப்பி அனுப்பினார், இரண்டாவது வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினார், பிறகு ஜனங்கள் பழையபடி தலைமையாசிரியரிடம் சான்றொப்பம் வாங்கக் காத்து நின்றார்கள். வெறும் மூலையோடு போன ருக்குமணியின் காப்பியும் மற்றவர்களுடையதோடு போய்ச் சேர்ந்தது. ரேஷன் கார்டில் வசந்தாமணியின் பேர் எடுக்கப்பட்டது. அர்த்தநாரி போலீசுக்குப் போகவில்லை. சென்னியப்பனைத் தேற்றவும் இல்லை. மாதம் ஒருமுறை அவர் துடைக்க வரும்போது ஸ்டூலை நகர்த்தி இடம் விட்டார்.

சென்னியப்பன் அந்த வருஷம் முழுக்க, மொபெட்டின் பின்னால் கம்பிகளையும் கரிமூட்டையையும் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த நாற்பது கடைகளுக்கும் போனார். "சின்ன மெஷினுக்கு எதுக்குங் எர்த்து? நீங்கதான சொன்னீங்க?" என்று எல்லாக் கடையிலும் கேட்டார்கள். அவர் குழி தோண்டினார். சிலர் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். நாளைக்கு வாங்க என்று சொன்ன கடைகளின் வாசலில், அவர்கள் எழுந்து வழிவிடுகிறவரை உட்கார்ந்திருந்தார்.

அதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிறது. அந்த மெஷினுக்கு டிரம் கிடைக்காமல் போய், இரும்பு விலைக்குப் போய்விட்டது. கடையில் இப்போது வேறொரு மெஷின் இருக்கிறது, சின்னதுதான், ஒரு கண்ணாடி, ஒரு மூடி, ஒரு தட்டு. பேப்பர் கட்டுகள் ஆணி அடித்த சட்டத்தின் மேல் இருக்கின்றன. பலகை மெஷினுக்கு முன்னால் கிடக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்ட தாளைக் கரையான் தின்றுவிட்டது. அதன் காப்பி அர்த்தநாரியின் அலமாரியில் இருக்கிறது. அதில் இரண்டு சொற்களைப் படிக்க முடியாது.